உஷார்! ஏணிப் படம் காட்டுகிறார்கள்

முழு ஆண்டுத் தேர்வு முடியப் போகிறது. ஸ்மார்ட் போர்டும் டேப்லெட்டும் விற்பவர்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கும் பருவம் இது. முன்பு கையில் விலைப்பட்டியல் இருக்கும். இப்போது கல்விக் கோட்பாட்டோடு வருகிறார்கள். விலைப்பட்டியல் என்றால் பேரம் பேசலாம். கோட்பாட்டைப் பார்த்தால் நம் ஆட்கள் வாயடைத்துப்போகிறார்கள். தலைமையாசிரியர்களே, தாளாளர்களே, கொஞ்சம் உஷார்!

போன வருடம் எங்கள் பள்ளியில் நடந்தது இது. 'பயிற்சி' என்று சொல்லித்தான் கூப்பிட்டார்கள். திரையில் நாலு படி ஏணி ஒன்று வந்தது. சாமர் என்று அதற்குப் பெயர். நோட்டில் எழுதுவதைக் கருவியில் எழுதினால் முதல் படி, வெறும் மாற்று. அதில் கூடுதலாக ஒரு வசதி கிடைத்தால் இரண்டாவது. பாடவேலையின் அமைப்பே மாறினால் மூன்றாவது. கருவி இல்லாமல் நினைத்தே பார்க்க முடியாத வேலை என்றால் உச்சிப் படி.

பயிற்சியாளர் ஒவ்வொருவரையும் எந்தப் படி என்று கேட்டுக்கொண்டே வந்தார். கணக்கு டீச்சர் எழுந்து, "நான் வட்டத்தை மைதானத்துலதான் நடத்துவேன் சார். ஒரு பிள்ளை நடுவுல நிக்கும், இன்னொண்ணு கயிறை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுச் சுத்தி வரும்" என்றார்.

"அப்ப நீங்க இன்னும் ஏணியில காலே வைக்கலை மேடம்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன், இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. மையத்திலிருந்து எல்லாப் புள்ளிக்கும் ஒரே தூரம் என்பதை அந்தப் பிள்ளைகள் காலால் நடந்து கற்றவர்கள். ஜூனில் போர்டு வந்து சேர்ந்தது. இன்று அதில் பாடப்புத்தகத்தின் பி.டி.எஃப். ஓடுகிறது, பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள். அவர்கள் கணக்குப்படியே இது முதல் படிதான்!

இந்த ஏணியின் பூர்வீகத்தையும் சொல்லிவிடுகிறேன். ரூபன் புயென்டெடுரா என்ற கல்வி ஆலோசகர் உருவாக்கியது இது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம் 2002 முதல் நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு லேப்டாப் கொடுத்தது. அங்கே ஆசிரியர்களுக்கு அவர் 2006 வாக்கில் ஆற்றிய உரைகள், காட்டிய ஸ்லைடுகள் வழியாகத்தான் இது பரவியது. ஆய்விதழில் சோதனைக்கு நின்று வந்த சரக்கு அல்ல. பள்ளியின் சூழலையே இது பார்ப்பதில்லை, படிகள் இறுக்கமானவை என்று 2016-ல் டெக்ட்ரெண்ட்ஸ் இதழில் மூன்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஏணி என்று வரைந்துவிட்டாலே கீழ்ப்படி மட்டம் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. கண்பார்வை மங்கிய ஒரு குழந்தைக்கு அதே பாடத்தைத் திரையில் பெரிய எழுத்தில் காட்டினால் ஏணியில் அதற்கு என்ன மார்க் கிடைக்கும்? ஒன்றோ இரண்டோ. அந்தக் குழந்தைக்கு அதுதான் பள்ளிக்கூடமே.

அடுத்து மூன்று வட்டப் படம் வரும். டிபேக். இதைக் குறை சொல்ல மாட்டேன். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் 2006-ல் எழுதியது. ஆசிரியருக்குப் பாடம் தெரிந்தால் மட்டும் போதாது, அந்தப் பாடத்தைக் கற்பிக்கும் விதமும் தெரிய வேண்டும் என்று 1986-ல் லீ ஷுல்மன் சொன்னதோடு தொழில்நுட்பத்தையும் சேர்த்தார்கள். படத்தில் மூன்று வட்டங்களையும் சுற்றிப் புள்ளிக்கோட்டில் ஒரு பெரிய வட்டம் உண்டு. 'சூழல்' என்று பொருள். நாற்பத்தைந்து பிள்ளைகள், மதியம் போகும் கரண்ட், வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும், எல்லாம் அந்தப் புள்ளிக்கோட்டில் அடக்கம். எங்களுக்குக் காட்டிய ஸ்லைடில் அது மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

மூன்றாவதுதான் அபாயம். ஐஸ்கிரீம் கோனைக் கவிழ்த்து வைத்தது போல ஒரு படம் வரும். படிப்பதில் 10 சதவீதம் நினைவில் நிற்கும், கேட்பதில் 20, செய்வதில் 90 என்று வரிசையாக எண்கள் இருக்கும். எட்கர் டேல் பெயரைப் போடுவார்கள். டேல் 1946-ல் அந்தக் கூம்பை வரைந்தது உண்மை. எண் ஒன்றுகூட அவர் போடவில்லை. பிறகு யாரோ ஒட்டிய எண்கள் அவை. எந்த ஆய்வில் இப்படிப் பத்துப் பத்தாக, வட்டமான எண்கள் வரும்? இந்தப் படத்தைப் பார்த்த நிமிடமே பேச்சை நிறுத்தி, "இது எந்த ஆய்வு சார்?" என்று கேளுங்கள்.

நான் கருவிக்கு எதிரி இல்லை. ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளில் ஒரு முக்கோணம் வரைந்து முனையை இழுத்துப் பாருங்கள். கோணங்கள் மாறிக்கொண்டே இருக்கும், கூட்டுத்தொகை 180 டிகிரியிலேயே நிற்கும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "இன்னும் இழுத்தா தட்டையாயிடும் சார், அப்ப ரெண்டு கோணம் செத்துப்போகுமா?" என்றான். இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் வரவழைப்பது கஷ்டம். அதற்கு ஆன செலவு பழைய லேப்டாப் ஒன்று, புரொஜெக்டர் ஒன்று. மென்பொருள் இலவசம்.

கையெழுத்துப் போடும் முன் சந்தா முடிந்தால் போர்டில் என்ன மிஞ்சும் என்று கேளுங்கள். பிள்ளைகளின் பெயரும் மார்க்கும் எந்தக் கணினியில் போய் உட்காரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏணிப் படத்தை எடுத்துவிட்டு, ஏழாம் வகுப்பில் ஒரு பாடவேளை நடத்திக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் பள்ளிக்கு இந்த வாரம் வந்தவரிடம் அப்படித்தான் கேட்டோம். திங்கட்கிழமை வருகிறேன் என்று போயிருக்கிறார். கணக்கு டீச்சர் கடைசி பெஞ்சில் உட்காரப்போகிறார்.