வீட்டுக்குள் தெரியும் சமூகம்: ஜப்பானின் அன்றாட வாழ்க்கைத் திரைப்படங்களை ரசிப்பது எப்படி?

ஜப்பானியத் திரைப்படம் என்றதும் வாளேந்திய சாமுராய்களும் அனிமே நாயகர்களும் நினைவுக்கு வருவது இயல்பு. அவற்றுக்கு இணையாக, சாமானிய மக்களின் அன்றாட வாழ்வைச் சித்திரிக்கும் நீண்ட மரபு ஒன்றும் அந்நாட்டுத் திரையுலகில் உண்டு. 'ஷோமின்கெகி' என்று அறியப்படும் இவ்வகைப் படங்களில் அதிரடித் திருப்பங்கள் அரிது. ஆயினும் அவை பார்ப்போரை நெகிழச் செய்கின்றன. கதாபாத்திரங்கள் வாய்விட்டுச் சொல்லாமல் விடுவதைப் பார்வையாளரே உணர்ந்துகொள்ள இடமளிப்பதே இதற்கு முக்கியக் காரணம்.

பெற்றோருக்கு நேரமில்லை

இம்மரபின் உச்சமாகக் கருதப்படுவது, யசுஜிரோ ஓசு இயக்கத்தில் 1953-ஆம் ஆண்டு வெளியான 'டோக்கியோ ஸ்டோரி'. ஒனோமிச்சி என்னும் கடலோர ஊரிலிருந்து முதிய தம்பதியர் பிள்ளைகளைக் காண டோக்கியோ செல்கின்றனர். மருத்துவரான மகனும் அழகு நிலையம் நடத்தும் மகளும் அவர்களுக்கு நேரம் ஒதுக்க இயலாமல் தவிக்கின்றனர். போரில் கணவரை இழந்த மருமகள் நோரிகோ மட்டும் விடுப்பு எடுத்து அவர்களுக்கு நகரைச் சுற்றிக்காட்டுகிறார்.

வந்திருப்பவர்கள் யார் என்று கடையில் கேட்கப்படும்போது, ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்கிறார் மகள். ஒரே வாக்கியத்தில் பெற்றோர் அந்நியராகி விடுகின்றனர். எனினும், ஓசு எவரையும் கொடியவராகக் காட்டுவதில்லை. பெற்றோருடன் வெளியே புறப்படும் வேளையில் மகனுக்கு நோயாளியிடமிருந்து அழைப்பு வருகிறது; அதைத் தட்டிக்கழிக்க அவரால் முடியாது. குடும்பத்தைப் பிரிப்பது வெறுப்பு அல்ல, மாறிவரும் நகர வாழ்க்கையே என்பதைப் படம் உணர்த்துகிறது.

இதைக் காட்டும் முறையும் எளிமையானது. தரையில் பாய் மீது அமர்ந்திருப்பவரின் பார்வையை நினைவூட்டும் தாழ்ந்த கோணத்தில், பெரும்பாலும் அசையாமல் கேமரா நிற்கும். காட்சிகளுக்கு நடுவே புகைபோக்கி, ரயில், உலரும் துணி என ஆளற்ற காட்சிகள் வந்துபோகும். சற்றுமுன் நிகழ்ந்ததை மனத்தில் வாங்கிக்கொள்ள அவை அவகாசம் தருகின்றன.

கோப்புகளும் பூங்காவும்

அகிரா குரோசாவாவின் 'இகிரு' (1952) அரசு அலுவலகத்தை மையமாகக் கொண்டது. கழிவுநீர்க் குட்டையை மூடிக் குழந்தைகளுக்கு விளையாட்டிடம் அமைத்துத் தரக் கோரும் பெண்கள், துறை துறையாக அலைக்கழிக்கப்படுகின்றனர். வயிற்றுப் புற்றுநோயால் தமக்கு எஞ்சிய நாள்கள் சொற்பம் என்றறியும் பிரிவுத் தலைவர், பூங்கா அமைப்பதையே தமது கடைசிப் பணியாக ஏற்கிறார். அவரது மறைவுக்குப் பின், இரங்கல் கூட்டத்தில் சூளுரைக்கும் சக ஊழியர்கள் மறுநாள் பழைய வழக்கத்துக்கே திரும்புவது படத்தின் கூர்மையான விமர்சனமாகும்.

குடும்பம் என்பது எது?

இம்மரபை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹிரோகசு கோரீடா. தாயால் கைவிடப்பட்ட 4 குழந்தைகளின் கதையான 'நோபடி நோஸ்' (2004), 1988-இல் டோக்கியோவில் தெரியவந்த உண்மைச் சம்பவத்தைத் தழுவியது. இதில் மூத்த சிறுவனாக நடித்த யூயா யாகிராவுக்குக் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 14.

2018-இல் அதே விழாவின் உயரிய தங்கப் பனை விருதை வென்ற 'ஷாப்லிஃப்டர்ஸ்', பாட்டியின் ஓய்வூதியத்தையும் சில்லறைத் திருட்டையும் நம்பி வாழும் ஓர் ஏழைக் குடும்பத்தைப் பற்றியது. பெற்றோரின் கொடுமைக்கு ஆளான சிறுமியை அவர்கள் சேர்த்துக்கொள்கின்றனர். ஒரு காட்சியில், சுற்றிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே உள்ள சிறிய வீட்டிலிருந்து அனைவரும் வானத்தைப் பார்க்கின்றனர். வாணவேடிக்கையின் ஓசை மட்டுமே அவர்களுக்கு எட்டுகிறது. வறுமையை விளக்க அங்கு வசனமே தேவைப்படவில்லை.

குழந்தைகள் உங்களை எப்படி அழைத்தனர் என்று பின்னர் விசாரணையில் கேட்கப்படும்போது, வளர்த்த பெண்ணால் பதில் கூற முடிவதில்லை. வழியும் கண்ணீரைத் துடைத்தபடியே இருக்கிறார். சட்டப்படி சிறுமியைப் பெற்ற தாயிடமே ஒப்படைக்கின்றனர். அது அச்சிறுமிக்கு நன்மையா என்ற கேள்வியைப் படம் பார்வையாளரிடமே விட்டுவிடுகிறது.

இத்தகைய படங்களை முதன்முறை காண்போர், அடுத்து என்ன நடக்கும் என்பதைவிட, யார் பேசாமல் இருக்கிறார், யார் எழுந்து செல்கிறார், உணவை யார் பரிமாறுகிறார் என்பவற்றைக் கவனிப்பது பயனளிக்கும். மெதுவாக நகர்வதாகத் தோன்றும் கதை, அப்போது நன்கு அறிந்த வீடொன்றின் கதையாக மாறும்.