புராஜெக்ட் ரிப்போர்ட்டும் நம்ம லைப்ரரியும்



கடைசி செமஸ்டர் வந்துவிட்டால் கமர்ஷியல் பிராக்டிஸ் பிரிவில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: "புராஜெக்ட்டுக்கு மேட்டர் கிடைச்சுதா?" போன வருஷம் நானும் இந்தக் கேள்வியோடு அலைந்தவன்தான். மேட்டர் கிடைத்தது. ஆனால் கிடைத்த மேட்டரே என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. அந்தக் கதையைச் சொன்னால் லைப்ரரியில் எதை, எங்கே, எப்படித் தேடுவது என்பதும் விளங்கிவிடும்.

நான் எடுத்த தலைப்பு "பனியன் தொழில்". கைடு சார் பார்த்ததும் சிரித்தார். "இது தலைப்பு இல்லப்பா, கடல். இதுல உனக்கு என்ன தெரியணும்?" என்றார். இரண்டு நாள் யோசித்து, "திருப்பூர்ப் பகுதியில் சிறு பனியன் கம்பெனிகள் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா, ஏன்?" என்று மாற்றினேன். முதல் பாடம் இதுதான். லைப்ரரிக்குள் போகும்போது கையில் ஒரு கேள்வி இருக்க வேண்டும். வெறும் தலைப்போடு போனால் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நமக்கு வேண்டியது போலத்தான் தெரியும்.

அடுத்து தேடுகிற சொல். நாம் வாயால் சொல்வது பனியன். கேட்டலாக்கில் பனியன் என்று தேடினால் அநேகமாக ஒன்றும் வராது. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் அது ஓசியரி. பிற்பாடு வந்தவற்றில் நிட்வேர். தமிழில் பின்னலாடை. ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஒரு 'பி' போட்டும் எழுதுவார்கள், இரண்டு 'பி' போட்டும் எழுதுவார்கள். ஒரு எழுத்தில் பாதிப் புத்தகங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே எல்லாச் சொற்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுங்கள்.

மூன்றாவது அலமாரி எண். கல்லூரி நூலகங்களில் பெரும்பாலும் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறைதான். நிர்வாகம் 658, கணக்கியல் 657, தொழில்துறைப் பொருளாதாரம் 338, வெளிநாட்டு வணிகம் 382, தொழிலாளர் 331, ஜவுளித் தொழில்நுட்பம் 677, ஆடை தயாரிப்பு 687. நான் முதல் வாரம் முழுக்க 658-லேயே நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வேண்டியது 338-இல் இருந்தது. ஒரே தொழில் ஐந்தாறு அலமாரிகளில் சிதறிக் கிடக்கும் என்று நூலகர் மேடம் சொல்லித்தான் தெரியும்.

அவர்களிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. நமக்கு உதவுவது அவர்கள் தொழிலின் விதி.

ஒரு நல்ல புத்தகம் கிடைத்தால் அதை முதலில் பின்பக்கத்திலிருந்து புரட்டுங்கள். கடைசியில் இருக்கும் நூற்பட்டியல் ஒரு தங்கச் சுரங்கம். விவசாயத் தொழிலாளியாக இருந்தவர்கள் திருப்பூரில் எப்படி முதலாளி ஆனார்கள் என்பதை ஆராய்ந்து ஷரத் சாரி எழுதிய 'ஃபிரட்டர்னல் கேப்பிடல்' (2004) அப்படி ஒரு நூல். அதேபோல ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பி.எச்டி. ஆய்வேடுகளை இலவசமாகப் படிக்கலாம். 1966 முதல் இந்தப் பெயரில் வரும் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி' இதழின் பழைய தொகுப்புகளையும் பாருங்கள். நம் லைப்ரரியில் இல்லாவிட்டால் சென்னை கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896-இல் திறந்தது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று.

இனி என் கதைக்கு வருகிறேன்.

ரெஃபரன்ஸ் பகுதியில் கோவை மாவட்டத்தின் பழைய புள்ளியியல் கையேடுகள் கிடைத்தன. 2009-க்கு முந்தைய கையேட்டையும் பிந்தையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தொழிற்சாலைகளின் எண்ணிக்கை திடீரென்று சரிந்திருந்தது. எனக்கோ ஒரே குஷி. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டதே! நூல் விலை, மின்வெட்டு, வெளிநாட்டு ஆர்டர் என்று காரணம் அடுக்கி மூன்று பக்கம் எழுதினேன். கிராஃப் போட்டேன். டைப் செய்தாயிற்று, பைண்டிங்குக்குக் கொடுப்பதுதான் பாக்கி.

அப்பா பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு என் ரிப்போர்ட்டைப் புரட்டினார். கிராஃபைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, 2009-ல கம்பெனியெல்லாம் எங்க போச்சுன்னு எழுதியிருக்கற? நான் அப்பவும் வேலைக்குப் போய்ட்டுத்தான இருந்தேன்? அந்த வருஷம் பிரிஞ்சது ஜில்லா கண்ணு" என்றார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. 2009-இல்தான் கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்துத் திருப்பூர் மாவட்டத்தை உண்டாக்கினார்கள். கம்பெனிகள் இருந்த இடத்திலேயே இருந்தன. கணக்கில்தான் வேறு மாவட்டத்துக்குப் போயின. கையேட்டில் அச்சிட்டிருந்த எண் சரி. நான் எழுதிய காரணங்கள்தான் கற்பனை. வைவாவில் எக்ஸ்டெர்னல் கேட்டிருந்தால் என் நிலைமை என்ன ஆகியிருக்கும்! அதைவிட, அப்பா தினமும் போய்வரும் தொழிலைப் பற்றி ஒரு பொய்யை அச்சில் ஏற்றியிருப்பேன்.

அதன் பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று கேள்வி கேட்கப் பழகினேன். எந்த வருஷம்? எந்த எல்லை? எந்த வரையறை?

மூன்றாவது கேள்வியில் இன்னொரு பள்ளம் இருந்தது. "சிறு நிறுவனம்" என்றால் என்ன? 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, உற்பத்தித் தொழிலில் இயந்திர முதலீடு 25 லட்சத்துக்கு மேல் 5 கோடி வரை. 2020 ஜூலை முதல் முதலீடு 10 கோடி, விற்றுமுதல் 50 கோடி வரை. 2025 ஏப்ரல் முதல் முதலீடு 25 கோடி, விற்றுமுதல் 100 கோடி வரை. நேற்று நடுத்தர நிறுவனமாக இருந்தது ஒரு மெஷின் கூட வாங்காமல் இன்று சிறு நிறுவனம் ஆகியிருக்கலாம். இது தெரியாமல் இரண்டு வருஷத்துக் கணக்கை ஒப்பிட்டால் மறுபடியும் என் கிராஃப் கதைதான்.

எண்ணில் நிஜமாகவே ஏற்ற இறக்கம் தெரிந்தால் அந்த மாதத்துச் செய்தித்தாளைத் தேடுங்கள். 2005 ஜனவரியில் உலக ஜவுளி வணிகத்தில் கோட்டா முறை முடிந்தது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசுபட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இந்தத் தேதிகள் தெரிந்தால்தான் எண் பேசும். சொல்பவர் யார் என்றும் பாருங்கள். முதலாளிகள் சங்கம் சொல்லும் கணக்கு, தொழிற்சங்கம் சொல்லும் கணக்கு, அரசுக் கணக்கு மூன்றும் ஒன்றாக இருக்காது. மூன்றையும் போட்டு, ஏன் வேறுபடுகிறது என்று எழுதினால் அதுவே நல்ல அத்தியாயம்.

இன்னும் ஒன்று. இப்போது கைப்பேசியில் கேட்டால் செயற்கை நுண்ணறிவு நொடியில் பத்துப் புத்தகப் பெயர் சொல்கிறது. அதில் சில, உலகத்தில் இல்லாத புத்தகமாகவும் இருக்கும். கேட்டலாக்கில் பார்த்து, கையில் எடுத்து, பக்கம் புரட்டாத எதையும் நூற்பட்டியலில் போடாதீர்கள். படிக்கும்போதே ஆசிரியர், நூல், ஆண்டு, பக்க எண் நான்கையும் ஒரு அட்டையில் குறித்துவிடுங்கள். ரிப்போர்ட் முடிகிற ராத்திரி பக்க எண் தேடுகிற பாடு எதிரிக்கும் வரக்கூடாது.

அந்த மூன்று பக்கத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ரிப்போர்ட் நம் லைப்ரரியில்தான் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள். நூற்பட்டியலில் கடைசி வரி, "நேர்காணல்: ஒரு கட்டிங் மாஸ்டர்" என்று இருக்கும். எதிலாவது தவறு தென்பட்டால் உங்கள் ரிப்போர்ட்டில் திருத்தி எழுதுங்கள்.