பாட்டியிடம் கேட்டாயிற்றா?

“ஆராய்ச்சின்னா எங்கம்மாவுக்கு ஊசி போட்டுப் பார்ப்பாங்களா சார்?” சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் டீ ஆற்றிக்கொண்டே கடைக்காரர் கேட்டார். அம்மாவுக்கு மறதி நோய். ஆய்வு ஒன்றில் சேர்க்கலாமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

எல்லா ஆராய்ச்சியும் மருந்து ஆராய்ச்சி இல்லை. பல ஆய்வுகள் வீட்டுத் திண்ணையில் கேள்வி கேட்பதோடு முடிந்துவிடும். அந்தக் கேள்விகளுக்கு என்ன மதிப்பு என்று வேலூர்ப் பக்கத்துக் கிராமங்கள் காட்டியிருக்கின்றன.

மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருப்பதாக 1990களில் கணக்கிட்டார்கள். ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அப்போது அங்கே நடக்கவில்லை. இந்தக் குறையையே பெயராக வைத்துக்கொண்டு 10/66 என்ற ஆய்வுக் குழு 1998இல் உருவானது. ஏழு நாடுகளில் 65 வயது தாண்டிய 14,960 பேரைப் பார்த்தது. சென்னையும் வேலூர்க் கிராமங்களும் அதில் உண்டு. 2008இல் முடிவு வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் அளவுகோல்படி நம் கிராமத்தில் மறதி நோய் 0.3 சதவீதம்தான், கியூபாவில் 6.3. கேப்பைக்களியின் மகிமை என்று மார்தட்டிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி! ஆனால் குழு தன் சொந்த அளவுகோலை வைத்துப் பார்த்தபோது எந்த ஊரிலும் கணக்கு 5.6 சதவீதத்துக்குக் கீழே இறங்கவில்லை.

ஏன் இந்த வித்தியாசம்? அன்றாட வேலை கெட்டால்தான் நோய் என்று அமெரிக்க அளவுகோல் சொல்லும். நம் வீட்டில் பாட்டிக்கு என்ன வேலை விட்டுவைத்திருக்கிறோம்? மருமகள் தட்டில் போட்டுத் தருகிறாள், பேரன் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறான். “ஒண்ணும் பிரச்சினை இல்லீங்க, வயசாச்சு” என்று வீட்டார் சொல்லிவிட்டால் நோய் கணக்கில் வராது.

சோதனையிலும் இதே கோளாறு. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, ஒரு வாக்கியம் எழுது என்றால், காலமெல்லாம் காப்பிப் பழம் பறித்து, பென்சிலே பிடிக்காத கை என்ன செய்யும்? 1990களில் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் இதை மாற்றினார்கள். கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். எழுத்தைப் படித்துச் செய்வதற்குப் பதில் ‘என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்’ என்றார்கள். அந்த ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பதில் சொன்னதால் அமைந்த சோதனை அது. பிறகு 2017 முதல் 2020 வரை நாடு தழுவி 60 வயது தாண்டிய 4,096 பேரிடம் நடந்த ஆய்விலும் அது பயன்பட்டது. இந்தியாவில் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் என்ற மதிப்பீடு அந்த ஆய்வில் வந்ததுதான். சேர்வராயன் மலைப் பாட்டியிடம் தேதி கேட்பதைவிட, மே மாதத் திருவிழா முடிந்து எவ்வளவு நாளாச்சு என்று கேட்பது பொருந்துமோ என்னவோ. அதை இந்த மலைப் பாட்டிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும்.

“சரி, மறந்து போறவங்க எப்படி சார் சம்மதம் சொல்வாங்க?”

நல்ல கேள்வி. நோய் இருக்கிறது என்பதாலேயே முடிவெடுக்கும் திறன் போய்விடாது. ஆரம்பக் கட்டத்தில் நிதானமாகத் தமிழில் சொன்னால் பலருக்கும் புரியும். கைநாட்டு வைத்தால் ஆய்வுக் குழுவைச் சேராத ஒரு சாட்சி வேண்டும். புரியாத நிலை வந்துவிட்டால் குடும்பத்தார் கையெழுத்திடலாம். அப்போதும் அம்மாவின் தலையசைப்பு வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு விட்டுவிட வேண்டியதுதான். அடுத்த முறை வரும்போது முதலிலிருந்து சொல்லிக் கேட்க வேண்டும். சாயங்காலமானால் பலருக்குக் குழப்பம் கூடும், காலையில் வரச் சொல்லுங்கள். மருந்துச் சோதனை என்றால் கதை வேறு. அரசுப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரவேண்டும் என்கின்றன 2019ஆம் ஆண்டு விதிகள்.

இன்னொன்று. ஆய்வில் சேர்வதால் அம்மாவின் மறதி குணமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கூட வாழ்பவரிடமும் ஆய்வாளர்கள் கேள்வி கேட்பார்கள். அதற்கு நாளெல்லாம் கடையில் நிற்கும் நீங்கள் சரிப்பட மாட்டீர்கள், உங்கள் வீட்டம்மாதான் சரி. எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு அவர் உட்கார வேண்டும் என்றால், அந்த நாள் கூலியைத் தருவார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.