நிறையும் இடைச்சுற்றும்

பருத்த உடலைச் செல்வத்தின் அடையாளமாகக் கொண்ட காலம் ஒன்று எம்மிடையே இருந்தது. முன்தள்ளிய வயிறு குடும்பச் செழிப்புக்குச் சான்றெனவும் கருதப்பட்டது. மருத்துவ நூலோர் இன்று இதனை உடன்படார். ஆயினும், "நான் பருத்தவன் அல்லன், ஆதலின் நீரிழிவு என்னை அணுகாது" என்றெண்ணி அமைதி கொள்வோர் பலர். அவ்வமைதி தகுமா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

உடலளவை எண்ணால் ஆராய முற்பட்டோருள் பெல்சிய நாட்டு வானியலறிஞர் கேத்தலே குறிப்பிடத்தக்கவர். வளர்ந்தோரின் நிறை அவர்தம் உயரத்தின் வர்க்கத்துக்கு ஏறத்தாழ நேர்விகிதமாக அமைதலை அவர் 1832ஆம் ஆண்டளவிற் காட்டினார். அவர் நாடியது சராசரி மனிதனின் இயல்பேயன்றி நோயன்று. 1972ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் அன்செல் கீசும் துணைவரும் அவ்விகிதத்துக்கு உடற்றிணிவுச் சுட்டி எனப் பெயரிட்டனர். கிலோகிராமில் அளந்த நிறையை, மீற்றரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க அது பெறப்படும். 160 சதமமீற்றர் உயரமும் 64 கிலோகிராம் நிறையும் உடையார்க்கு அது 25 ஆகும். 25 முதல் மிகைநிறை எனவும் 30 முதல் உடற்பருமன் எனவும் உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. மிகைநிறைக்கு மேல் இச்சுட்டி உயருந்தோறும் நீரிழிவு, உயர் இரத்த அமுக்கம், இருதய நோய் என்பன மிகுதல் பல நாடுகளிற் கண்ட உண்மை.

எனினும் இதன்கண் ஒரு குறை உண்டு. நிறுக்கும் கருவி தசையையும் கொழுப்பையும் பிரித்தறியாது. கொழுப்பு எங்கே தங்கியுள்ளது என்பதையும் உரையாது. இடுப்பிலும் தொடையிலும் கொழுப்புத் திரண்டோரைவிட, உடலின் மேற்பாகத்தில் திரண்டோரையே நீரிழிவு முதலியன மிகுதியும் பற்றுகின்றன என்று பிரெஞ்சு மருத்துவர் ழான் வாகு 1947இல் எடுத்துரைத்தார். வயிற்றறையினுள் உறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பே பெரிதும் தீங்கானது எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அதனின்று வெளிப்படும் கொழுப்பமிலங்கள் ஈரலைச் சேர, ஆங்கு இன்சுலினின் செயல் வலிகுன்றும் என்பர். அதனாற் குருதியில் வெல்லம் மிகும்.

இக்குறை தெற்காசிய மக்களாகிய எம்மைச் சிறப்பாகத் தொடுவது. 2004ஆம் ஆண்டில் இந்திய மருத்துவர் யாஜ்னிக்கும் பிரித்தானிய மருத்துவர் யூட்கினும் தம்முடல்களையே சான்றாக வெளியிட்டனர். இருவர் சுட்டியும் 22.3 ஆகவே இருந்தது. ஆனால் யூட்கினின் உடற்கொழுப்பு நூற்றுக்கு 9.1, யாஜ்னிக்கினதோ 21.2. ஒரே எண், இருவேறு உடல்கள்! ஆசிய மக்களுக்கு 23இலேயே நோயிடர் கூடுவதாகவும் 27.5இல் மிகுவதாகவும் கொள்ளலாமென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அவ்வாண்டிலேயே பரிந்துரைத்தது.

ஆதலின் நிறையோடு இடைச்சுற்றையும் அளத்தல் வேண்டும். கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சு வெளிவிட்ட நிலையில், நாடாவைச் சுற்றி அளக்க. தெற்காசிய ஆடவர்க்கு 90 சதமமீற்றரும் பெண்டிர்க்கு 80 சதமமீற்றரும் எச்சரிக்கை எல்லைகளாகக் கொள்ளப்படுகின்றன. வளர்ந்தோர் இடைச்சுற்று உயரத்தின் அரைப்பங்கை எட்டாதிருத்தல் நன்று என்பதும் எளிதில் நினைவிற் கொள்ளத்தக்க விதி. கருவுற்ற மகளிர்க்கு இவ்வளவைகள் பொருந்தா.

அளவு என்பது தீர்ப்பன்று; முன்னறிவிப்பே. குடிவழியும் வயதும் புகைத்தலும் உழைப்பின்மையும் நோய்க்குத் துணைபோவன. எல்லையைக் கடந்தார் அனைவரும் நோயுறுவர் என்பதும் இல்லை; கடவாதார் அனைவரும் நலமுறுவர் என்பதும் இல்லை. ஆயினும் நீரிழிவு பல்லாண்டு ஓசையின்றி வளர்வது. கண்ணையும் சிறுநீரகத்தையும் தாக்கிய பின்னரே தன்னை வெளிப்படுத்துவதும் உண்டு. அதற்கு முன்னரே எச்சரிக்கவல்லது தையற்காரனின் நாடா. பருத்தவரை எள்ளி நகையாடுதற்கன்று, மெலிந்தோம் என்று இறுமாந்திருப்போர் தம்மைத் தாமே அளந்தறிதற்கே அது பயன்படுக.