ஆதரவுக் குழு: தருவதும் தராததும்

நோயாளிகள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பல. எங்களிடம் கேட்கத் தயங்கி, பக்கத்துப் படுக்கையில் மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவரிடம் கேட்கும் கேள்விகளும் பல. வாய்ப்புண் இருந்தபோது என்ன சாப்பிட்டீர்கள்? பிள்ளைகளிடம் எப்படிச் சொன்னீர்கள்? இரவில் உறக்கம் வந்ததா? இவற்றுக்கு அதே பாதையில் நடந்தவர் கூறும் விடைக்குத் தனி மதிப்பு உண்டு. அத்தகையோர் கூடிப் பேசும் இடமே ஆதரவுக் குழு.

1950களின் தொடக்கத்தில், நியூயார்க்கில் மார்பக அறுவை சிகிச்சை செய்துகொண்ட டெரீஸ் லாசர் என்னும் பெண்மணி, அதே சிகிச்சை பெற்ற பெண்களை மருத்துவமனைகளில் சந்தித்துப் பேசத் தொடங்கினார். 'ரீச் டு ரெக்கவரி' என்ற அவரது முயற்சியை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஏற்றுக்கொண்டது.

குழுவில் சேர்ந்தால் ஆயுள் நீளுமா? 1989இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, பரவிய மார்பகப் புற்றுநோய் கொண்ட 86 பெண்களில், குழுவில் பங்கேற்றவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாகக் கூறியது. ஆனால் 2001இல் வெளியான, 235 பெண்கள் பங்கேற்ற கனடா ஆய்வில் அப்பயன் காணப்படவில்லை. எனினும், குழுவில் இருந்தவர்களுக்கு மனத்துயரும் வலியுணர்வும் குறைந்தன. தொடக்கத்தில் மிகுந்த துயரத்தில் இருந்தவர்களே அதிகப் பயனடைந்தனர். ஆகவே, குழு ஆயுளை நீட்டும் என்று நாங்கள் உறுதி கூறுவதில்லை. வாழும் நாள்களின் சுமையை அது குறைக்கக்கூடும். அதுவும் சிறிய பயன் அன்று. அவ்விரு ஆய்வுகளிலும் பயிற்சி பெற்றவர்களே குழுக்களை நடத்தினர். எனவே நெறிப்படுத்துபவர் ஒருவர் உள்ள குழுவையே முதலில் தேடுங்கள்.

நேரில் கூடும் குழுவில் முகம் பார்த்துப் பேசலாம். மௌனமாக அமர்ந்திருந்தாலும் துணை கிடைக்கும். ஆனால் கீமோதெரபிக்குப் பின் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் கூட்டத்தைத் தவிர்க்க வேண்டும். அந்நாள்களிலும், தொலைவிலுள்ள ஊர்களில் வசிப்போருக்கும் இணையவழிக் குழு உதவும். குரல்வளை அகற்றப்பட்டவர்களும், வாய்ப்புற்றுநோயால் பேச இயலாதவர்களும் அங்கே எழுத்தின் மூலம் உரையாட முடியும். அரிதான புற்றுநோய் உடையவர்கள் தம்மைப் போன்ற ஒருவரைக் கண்டறியவும் அது வழிசெய்யும்.

எனினும் சில எச்சரிக்கைகள் அவசியம். ஒரே உறுப்பில் தோன்றிய புற்றுநோயாயினும், அதன் வகையும் நிலையும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்குப் பலித்த மருந்து மற்றவருக்குப் பொருந்தாமல் போகலாம். குழுவில் கேள்விப்படும் கஷாயம், இலைச்சாறு, சத்து மாத்திரை எதையும் எங்களிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் சிகிச்சையை நிறுத்தவும் வேண்டாம். கீமோதெரபி காலத்தில் காய்ச்சல் 100.4 பாரன்ஹீட் டிகிரியை எட்டினால், வாட்ஸ்அப் குழுவில் பதிலுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள். பெயரும் மருத்துவமனை எண்ணும் உள்ள பரிசோதனை அறிக்கைகளைப் பொதுவில் பகிராதீர்கள். பொருள் விற்பவரும், குணமாக்குவதாக உறுதி கூறிப் பணம் கேட்பவரும் இருக்கும் குழுவைவிட்டு விலகுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நோயின் பெயரை நோயாளியிடம் மறைக்குமாறு எங்களைக் கேட்கும் குடும்பங்கள் உண்டு. அன்பினால் எழும் வேண்டுகோள்தான் அது. ஆனால் நோயின் பெயர் அறியாதவர் குழுவில் அமர முடியாது. ஓரளவு ஊகித்திருந்தும் எவரிடமும் பேச இயலாமல் தனித்துவிடுவார். எவ்வளவு அறிந்துகொள்ள விரும்புகிறார் என்பதை அவரிடமே கேட்டறிந்து, படிப்படியாக உண்மையைச் சொல்ல நாங்கள் உங்களுடன் இருப்போம். இரவு பகலாகக் கவனித்துக்கொள்ளும் உங்களுக்கும் களைப்பும் அச்சமும் உண்டு. கவனிப்போருக்கான குழுக்களில் நீங்களும் பேசலாம்.

குழுவில் சிலர் குணமடைவர்; சிலர் மறைவர். ஒருவரின் மறைவுச் செய்தி உங்களை வெகுவாகப் பாதித்தால், சில வாரம் விலகியிருப்பதில் தவறில்லை. உறக்கமின்மையோ வாழ்வில் பற்றின்மையோ தொடர்ந்தால் குழு மட்டும் போதாது. மனநல மருத்துவரின் உதவி தேவை. குழுவில் சேர விரும்புவோர் அடுத்த முறை வரும்போது மருத்துவரிடமோ செவிலியரிடமோ தெரிவியுங்கள். முதல் நாளில் பேசியே ஆகவேண்டும் என்பதில்லை, கேட்டுக்கொண்டிருந்தாலே போதும்.