“அந்த முருகன் நான் அல்ல!”

இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்பேட்டைக்கு வேலை தேடி வரும் வாலிபர்கள் ஏராளம். ஆளைத் தேர்ந்தெடுத்த பிறகு, அவருடைய பூர்வோத்தரத்தை விசாரிப்பது பல கம்பெனிகளின் வழக்கம்.

நம்மவர்களுக்கு ஓர் இனிஷியல், ஒரு பெயர், அவ்வளவுதான். எத்தனையோ ஊர்களில் ‘மு. முருகன்’ உண்டு. ஒரு முருகன் மீதுள்ள அடிதடி வழக்கு, இன்னொரு முருகனின் தலையில் விழுந்தால்? கைக்கு வந்த வேலை போய்விடும்!

அப்படி நேர்ந்தால் என்ன செய்வது?

வேலை மறுத்த காரணத்தையும், வழக்கு எண்ணையும், கோர்ட்டின் பெயரையும் எழுத்து மூலம் கேளுங்கள். வக்கீல் மூலம் மனுச் செய்து வழக்கின் நகலை வாங்குங்கள். தகப்பனார் பெயர், வயது, விலாசம் மூன்றும் உண்மையைச் சொல்லிவிடும். அந்த நகலுடன், கம்பெனிக்கும் விசாரித்த நிறுவனத்துக்கும் ஸ்பீடு போஸ்ட்டில் மறுப்பு அனுப்புங்கள்.

பிழை போலீஸ் பதிவிலேயே இருந்தால், மேலதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம். பலன் இல்லையென்றால் ஐகோர்ட்டில் ரிட் மனுப் போடலாம்.

“வேலை கொடுத்தே தீர வேண்டும்” என்று தனியார் கம்பெனியைக் கட்டாயப்படுத்துவது கடினம். ஆனால், பொய்ப் பழியை எழுதிக் கொடுத்தவர் மீது மானநஷ்ட வழக்குத் தொடர இடமுண்டு. “நல்லெண்ணத்தில் எழுதினோம்” என்று அவர்கள் வாதாடக்கூடும். 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டப்படி, இந்த வழக்குக்குக் கெடு ஓராண்டுதான்!

அரசாங்க உத்தியோகத்துக்கு இன்னொரு பாதுகாப்பும் உண்டு. ஒருவர் தம் மீதான வழக்கை மறைத்திருந்தாலும், அதன் தன்மையைச் சீர்தூக்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று 2016-ல் அவதார் சிங் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. மறைத்தவருக்கே இந்த நியாயம் உண்டென்றால், குற்றமே செய்யாதவர் கலங்குவானேன்?

கண்ணீர் விட்டு ஊர் திரும்பாதீர்கள். முதலில் காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்!