நாலுவழிச் சாலைக்கு யார் காசு கொடுத்தாங்க?

திருச்சியிலிருந்து மதுரைக்கு நாலுவழிச் சாலையில போனா, நடுவுல கொஞ்ச தூரம் புதுக்கோட்டை மாவட்டம். விராலிமலை, கொடும்பாளூர் எல்லாம் அந்த வழிதான். ஒரு சாலை யார் நிலத்து மேல போகணும்னு சட்டம் எப்படி முடிவு பண்ணுது, அதுக்கான விலையை யார் தர்றாங்க? அதைத்தான் இன்னைக்குப் பார்க்கப்போறோம்.

கொடும்பாளூர் மூவர்கோவில், தொல்லியல் துறை பாதுகாக்குற சின்னம். 2010ல திருத்தின சட்டப்படி அதைச் சுத்தி 100 மீட்டருக்குள்ள புதுசா எதுவும் கட்டக் கூடாது. அடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். ரொம்பத் தேவையான சட்டம். ஆனா அதே ஊர்ல ஒருத்தரோட கிணறும் புஞ்சையும் சாலைக்கு நடுவுல வந்தா, அதுக்கு என்ன பாதுகாப்பு? 21 நாள்.

1956ஆம் வருஷத்துத் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டப்படி, முதல்ல 3ஏ பிரிவுப்படி நிலமெடுப்பு அறிவிப்பு அரசிதழ்ல வரும். அதுலேர்ந்து 21 நாளுக்குள்ள ஆட்சேபணையை எழுதிக் கொடுத்துடணும். நிலமெடுப்பு அதிகாரி விசாரிச்சு ஏத்துக்கலாம், தள்ளிடலாம். அப்புறம் 3டி அறிவிப்பு. அது வந்ததுமே நிலம் மத்திய அரசோடது. இழப்பீட்டுக் கணக்கெல்லாம் அதுக்குப் பிறகுதான்.

2013 நிலமெடுப்புச் சட்டத்துல சமூகத் தாக்க ஆய்வு இருக்கு. தேசிய நெடுஞ்சாலைக்கு அது பொருந்தாது. சேலம் எட்டுவழிச் சாலை வழக்குல, 2020 டிசம்பர் 8ல, சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன்னாடியே 3ஏ போடலாம்னு உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அப்போ, "கிணத்தை விடுங்க, அந்தத் தரிசு வழியாப் போங்க"ன்னு ஊர்க்காரங்க சட்டப்படி சொல்றதுக்கு அந்த 21 நாள்தான் இருக்கு.

இப்போ காசுக்கு வருவோம். என்னை ரொம்பக் கோபப்படுத்துற இடம் இது.

1894ஆம் வருஷத்துப் பழைய சட்டத்துல, கட்டாயப்படுத்தி எடுக்குறதால நிலத்தோட மதிப்புக்கு மேல 30 சதவீதம் ஆறுதல் தொகை இருந்துச்சு. 1997ல நெடுஞ்சாலைச் சட்டத்துல 3ஜே-ன்னு ஒரு பிரிவைச் சேர்த்து, அந்தப் பழைய சட்டம் இங்கே செல்லாதுன்னுட்டாங்க. அப்போ நாலு லட்ச ரூபாய் நிலம்னு வெச்சுக்குவோம். பள்ளிக்கூடத்துக்கு எடுத்தா அஞ்சே கால் லட்சத்துக்குப் பக்கம், நெடுஞ்சாலைக்கு எடுத்தா நாலு லட்சம். அதுவும் பத்திரத்துல குறைச்சுப் போட்ட விலையை வெச்சுப் போட்ட மதிப்பா இருக்கும். விராலிமலைப் பக்கம் நாலுவழிக்கு நிலம் எடுத்ததும் 3ஜே இருந்த அந்தக் காலத்துலதான். சாலை மலிவா முடிஞ்சதுக்கு ஒரு காரணம், அந்த 30 சதவீதத்தை நிலத்துக்காரங்க தலையில கட்டினதுதான்.

2015லேர்ந்து அந்த 2013 சட்டத்தோட இழப்பீட்டு விதிகள் நெடுஞ்சாலைக்கும் வந்துச்சு. ஆறுதல் தொகை 100 சதவீதம் ஆச்சு. 2019 செப்டம்பர்ல, தர்செம் சிங் வழக்குல, ஆறுதல் தொகையையும் வட்டியையும் மறுத்த அளவுக்கு 3ஜே செல்லாதுன்னு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிச்சு. பழைய ஆளுங்களுக்கு இது பொருந்தக் கூடாதுன்னு நெடுஞ்சாலை ஆணையம் கேட்டதை அதே நீதிமன்றம் 2025 பிப்ரவரியில தள்ளிடுச்சு.

உங்க குடும்பத்து நிலம் 1997க்கும் 2014க்கும் நடுவுல போயிருந்தா, இழப்பீட்டு உத்தரவைத் தேடி எடுத்து ஒரு வக்கீல்கிட்டக் காட்டுங்க. இனிமே நிலம் கொடுக்கப்போறவங்க, கிணறு, போர், தென்னை எல்லாத்தையும் இப்பவே போட்டோ எடுத்து வைங்க.

சட்டமும் மாறணும். அந்த 21 நாளை இப்போ மாதிரி அரசிதழ் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. நோட்டீஸ் நிலத்துக்காரர் கையில கிடைச்ச நாள்லேர்ந்து எண்ணணும். சட்டத்துல ஒரு வரியைத் திருத்தினா போதும், நம்ம எம்.பி.க்கள் அதை நாடாளுமன்றத்துல கேட்கணும்.